பேசி முடித்த விஷயம்

ராஜேஷ்குமார் மைக்கை வாங்கி "தேக்கம்பாறை" என்று சொன்னதும் தமிழ்ப்ரியா நாற்காலியில் நிமிர்ந்தாள். அது அவள் ஊர். அவன் வாயில் அந்தப் பெயர் வர ஒரு முகாந்திரமும் இல்லை. அவன் கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் பிறந்து வளர்ந்தவன். இதற்கு முன் அவன் கல்வராயன் மலைக்கு வந்ததெல்லாம் அருவியில் குளித்துவிட்டு, பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்துவிட்டுப் போவதற்காக.

"எங்க அம்மா ஊரு சார் அது. இங்கேர்ந்து ஆறு கிலோமீட்டர்," என்றான்.

பக்கத்தில் இருந்த பாயிஸா அவள் தொடையில் கிள்ளினாள். "இன்னாடி இது? இவன் அம்மா நைனார்பாளையம் ஆச்சே?"

அவனுடைய அடுத்த வாக்கியம் என்னவென்று தமிழ்ப்ரியாவுக்குத் தெரியும். அதற்கடுத்ததும் தெரியும்.

வெள்ளிமலையில் ஒரு கல்யாண மண்டபம். 'நாளைய தலைவர்கள்' என்று பேனர். பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு, நாற்பத்து மூன்று பேர். மேடையில் கறுப்பு கோட்டு போட்ட விஜயராகவன். இதே கல்லூரியில் முதல் பேட்ச். சைக்கிளில் சோப்பு விற்கத் தொடங்கி, இன்று அறுநூறு பேரை வேலை வாங்கும் மண்டலத் தலைவர். இதை அவரே காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை வந்து பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுப்பார். அதாவது, நாலு பேரை அழவைத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவார். இன்று காலை பழனியை நாற்காலி மேல் ஏற்றி, பாலிஷ் போடாத ஷூவை எல்லாருக்கும் காட்டச் சொன்னார். ஒரு பெண் கண்ணைத் துடைத்தபோது, "டீம் லீடரும் கர்ச்சீப்பும் ஒத்துவராதும்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவனை அவர் பெயர் கேட்பார்.

அவரிடம் ஒரே பயிற்சிதான் உண்டு. ஐந்து நிமிடம், உன் தோல்வியைச் சொல். எவன் தோல்வி அவருக்குப் பிடிக்கிறதோ அவனுக்கு ஓசூரில் அவர் கம்பெனியில் டிரெய்னி வேலை. பரீட்சை முடிந்த மறுமாதம் ஆர்டர் வீட்டுக்கு வந்துவிடும். நாலு வருடமாக அப்படித்தான். ஆகவே ஜூன் மாதத்திலிருந்தே வகுப்பு முழுவதும் தோல்வி தேடிக்கொண்டிருந்தது. தோற்க வாய்ப்பே கிடைக்காதவர்கள் யூடியூபில் தேடினார்கள். சித்தப்பா தொழிலில் நொடித்ததைத் தன் தோல்வியாக்கிக்கொண்டவன் ஒருவன். காதல் தோல்வி செல்லாது என்று இசைவாணி மிஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அந்த மிஸ்தான் ஆகஸ்டில் வகுப்பறையில் ஐந்தைந்து பேராகப் பிரித்து ஒத்திகை வைத்தார். தமிழ்ப்ரியாவின் குழுவில் ராஜேஷ்குமாரும் இருந்தான். அங்கேதான் தமிழ்ப்ரியா வாயைத் திறந்தாள். திறந்திருக்கக் கூடாது.

அவள் சொன்னது நடந்த விஷயம். அவள் முதலாண்டு சேர்ந்த வருடம். பாயிஸாவின் அப்பா ஜான் பாஷா கள்ளக்குறிச்சியில் தானிய மண்டி வைத்திருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் புதுச் சாமை கொண்டுவந்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தேக்கம்பாறையில் புதுச் சாமையை முதலில் கோயிலில் பொங்கிப் படைக்க வேண்டும். படைக்கும்வரை ஒருவரும் ஒரு படி விற்க மாட்டார்கள். அந்த வருடம் படையல் தீபாவளிக்கு எட்டு நாள் கழித்து வந்தது. தமிழ்ப்ரியா வீடு வீடாகப் போனாள். "சாமி இன்னா மூட்டைய எண்ணிக்கினா குந்தியிருக்குது?" என்று கேட்டாள். அவள் வீட்டையும் சேர்த்துப் பதினோரு வீடு விற்றது.

விற்ற நாலாம் நாள் மழை பிடித்தது. மற்ற முப்பது வீட்டுச் சாமையும் களத்தில் கிடந்து முளைத்தது, நாறியது. படைக்காமல் விற்ற குற்றம் என்றது ஊர்.

விற்றதில் மற்றப் பத்து வீடும் தண்டம் கட்டிவிட்டு ஒரு மாதத்தில் ஊரோடு சேர்ந்துகொண்டன. வீடு வீடாகப் போனவளை மட்டும் ஊர் விடவில்லை. அவள் அம்மா சாலம்மாளின் சாமைக் கொல்லைக்கு அறுக்க யாரும் வரவில்லை. அங்கே கூலி ஆள் கிடையாது. உன் கொல்லைக்கு நான், என் கொல்லைக்கு நீ, அவ்வளவுதான். அந்தச் சுற்றிலிருந்து தள்ளிவிட்டால் காசை நீட்டினாலும் கை வராது. அப்பா கருப்பண்ணன் குடகில் காப்பித் தோட்டத்தில். போன வருடம் அம்மாவும் மகளும் ஒன்பது நாள் தனியாக அறுத்தார்கள். முற்றிய சாமை காத்திருக்காது. பாதிக்கு மேல் மண்ணில் உதிர்ந்தது. மீதியைத்தான் வருடம் முழுவதும் தின்றார்கள்.

இந்த ஆடியில்தான் ஊர்க்கூட்டம் பேசி முடித்தது. அம்மா ஒரு ஆடு கொடுத்தாள். தமிழ்ப்ரியா கோயில் முன்னால் குப்புற விழுந்து, எழுந்திரு என்று சொல்லும்வரை கிடந்தாள். சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு, "முடிஞ்சுது" என்றார்கள். முடிந்தது என்றால் முடிந்ததுதான். அதற்குமேல் அந்த விஷயத்தை ஊருக்குள்ளும் பேசக்கூடாது, வெளியிலும் பேசக்கூடாது. யார் வாயில் மறுபடி வருகிறதோ, அந்த வீட்டோடு எல்லாம் பழையபடி.

அது முடிந்து இருபது நாள்கூட ஆகவில்லை, இவள் வகுப்பறையில் ஐந்து நிமிடம் பேசினாள். ஓசூர் வேலைக்கு ஆசைப்பட்டுத்தான். கள்ளக்குறிச்சியில் நாலு சுவருக்குள் சொன்னது மலைக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்தாள். முகாமும் அப்போது கல்லூரி ஆடிட்டோரியத்தில் நடப்பதாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் பிரின்சிபாலுக்கு மலைக்காற்று வாங்கும் யோசனை வந்தது. இடம் வெள்ளிமலை என்று தெரிந்த அன்றே அவள் சாமைக் கதையைக் கைவிட்டு, கோ-கோ போட்டியில் தோற்ற கதை ஒன்றைத் தயார் செய்தாள். தோற்றதில் யாருக்கும் வருத்தமில்லாத போட்டி.

அவள் கைவிட்டதை ராஜேஷ்குமார் எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை அறுப்பு. எட்டுப் பேர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். இன்று சனிக்கிழமை.

மேடையில் அவன் நன்றாகத்தான் சொன்னான். அவள் சொன்னதைவிட நன்றாக. அவளுக்குப் பதில் அவன் வீடு வீடாகப் போனான். சாலம்மாளுக்குப் பதில் அவனுடைய மாமா. மழை வந்தபோது அவனே டிராக்டர் பிடித்து வந்து பாதி மூட்டையைக் காப்பாற்றினானாம். தேக்கம்பாறைக்கு டிராக்டர் ஏற வேண்டுமென்றால் அதற்கு இறக்கை முளைக்க வேண்டும். மண்டபத்தில் அது தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். கடைசியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அழுது, ஊரை ஒன்று சேர்த்து, இன்று நாற்பத்தொரு வீடும் ஒரே குழுவாக வியாபாரம் செய்வதாக முடித்தான். குரல் சரியான இடத்தில் உடைந்தது. அழுதவனை விஜயராகவன் கேலி செய்யவில்லை. எழுந்து நின்று கைதட்டினார். பின்னாலேயே மண்டபம் தட்டியது.

"திஸ் இஸ் லீடர்ஷிப்," என்றார். அவன் தோளில் கைபோட்டு, இசைவாணி மிஸ்ஸிடம் தன் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். "இதை நான் லிங்க்ட்இன்ல போடப்போறேன். ஊர் பேர் இன்னா சொன்ன தம்பி?"

"தேக்கம்பாறை சார்."

"எவ்ளோ தூரம்? ஆறு கிலோமீட்டரா? மிஸ், சாப்பாட்டுக்கு முன்னாடி பஸ்ஸ எடுங்க. நேரா போய்ப் பார்ப்போம். அந்த ஜனங்க முன்னாடி இவன் பேசட்டும். தலைவன்னா அவன் ஆளுங்க நடுவுல எப்படி நிக்கிறான்னு நீங்கள்லாம் பார்க்கணும்."

ராஜேஷ்குமாரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை முதல் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. பஸ் என்றதும் பையைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

"சார், ரோடு சரியில்ல சார். மழ பேஞ்சி..."

"மழையில டிராக்டர் ஓட்டினவன் நீ. ரோட்டுக்குப் பயப்படுற?"

அவன் மேடையிலிருந்து இறங்கி நேராகத் தமிழ்ப்ரியாவிடம் வந்தான். குனிந்து, ஷூ லேஸ் கட்டுவதுபோல் கட்டிக்கொண்டே பேசினான்.

"நீ முன்னாடி போய் யார்னா நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சிடு. நான் சாலம்மா அக்கா புள்ள மாதிரி."

"எங்கம்மா பேரு ஒனக்கு எப்பிட்றா தெரியும்?"

"நீதான சொன்ன ஒத்திகைல. எல்லாம் சொன்னியே. இப்ப இன்னா ஆயிடுச்சி? நீதான் அத சொல்லலியே, வேஸ்ட்டாதான கெடந்துது."

"எந்திரிச்சிப் போடா."

"போனா நானும் சொல்லுவேன். இவதான் எனக்குக் கதைய சொன்னா, ஊர் விஷயத்தெல்லாம் காலேஜுல வித்துக்கினு இருக்கான்னு ஒங்க ஊர்லயே சொல்லுவேன். பாத்துக்க."

அவனுக்குத் தேக்கம்பாறையின் கட்டுப்பாடு தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் கையை வைத்துவிட்டான். பஸ் போனாலே போதும். நாற்பத்து மூன்று பேர் கோயில் முன்னால் இறங்கி, கோட்டு போட்ட ஒருவர் 'உங்க சாமை, உங்க மழை' என்று தொடங்கினால் போதும். அப்புறம் யார் சொன்னது என்று ஊர் கேட்காது. அந்தக் கல்லூரியில் தேக்கம்பாறைக்காரி ஒருத்திதான்.

என்ன செய்வது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் பாயிஸா எழுந்துவிட்டாள்.

"சார்! அது அவன் கதையே இல்ல சார். தமிழ்ப்ரியா கதை சார்!"

மண்டபம் திரும்பியது. பாயிஸாவுக்குக் கோபம் வந்தால் மூக்கு விடைக்கும், குரல் மண்டியில் லோடு இறக்கச் சொல்லும் அவள் அப்பாவின் குரல் போலாகிவிடும்.

"அந்தச் சாமைய வாங்கினதே எங்கப்பா சார். பில்லு இருக்குது. இவன் டிராக்டர்ன்றான், மாமான்றான். மேடையில ஏறி பச்சையா புளுவுறான் சார்!"

"ஒக்காரு பாயிஸா," என்று தமிழ்ப்ரியா அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இருடி. ஒனக்கு வாயில்ல, நான் பேசறேன்."

விஜயராகவன் முகத்தில் மகிழ்ச்சி வந்தது. அப்பட்டமான மகிழ்ச்சி. சண்டை என்றால் அவருக்குப் பிடிக்கும். மேடையின் நுனிக்கு வந்து, இரண்டு பேரையும் முன்னால் வரச் சொன்னார்.

"ஓனர்ஷிப் டிஸ்பியூட்! ரியல் லைஃப்ல இதுதான் நடக்கும். வெரி குட். ராஜேஷ், நீ இன்னா சொல்ற?"

"அவங்க ரெண்டு பேரும் ஃபிரெண்ட்ஸ் சார். ஒருத்திக்கு ஒருத்தி சாட்சி."

"நீ சொல்லும்மா. பேரு இன்னா? தமிழ்ப்ரியா. நீ அந்த ஊரா?"

"ஆமா சார்."

"அப்ப ரொம்ப ஈஸி. பஸ்ல போறோம். ஊர்ல கேக்கறோம். எவன் தலைவன்னு ஊரே சொல்லட்டும். உன்னுதுன்னு சொன்னா ஓசூர் சீட் உனக்கு. அவனுதுன்னு சொன்னா நீ மன்னிப்பு கேக்கற. ஓகேவா?"

ஓசூர் சீட் அவர் வாயில் இருந்து வந்துவிட்டது. தன்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் அதை உறுதி செய்யும். அம்மாவை வரச் சொல்லி, எல்லார் முன்னாலும் உறுதி செய்யும். ஓசூரில் இவள் தனியாக அறை எடுத்துத் தங்கிக்கொள்ளலாம். கொல்லை ஓசூருக்கு வராது. அம்மா அங்கேயே இருப்பாள், அரிவாளோடு, தனியாக.

ஊர் மேல் அவளுக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. குப்புறக் கிடந்தபோது வாயில் போன மண் இன்னும் நினைவிருந்தது. எட்டு ஆள் வர வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

"அது என்னுதும் இல்ல சார்," என்றாள். "அவனுதும் இல்ல. அப்பிடி ஒண்ணு நடக்கவே இல்ல."

"இன்னாது?"

"நான் ஒத்திகையில கட்டிவுட்ட கதை சார் அது. நல்லா இருக்கட்டுமேன்னு சாமி, படையல், மழை எல்லாம் சேர்த்தேன். இவன் நெசம்னு நம்பித் திருடிட்டான்."

ராஜேஷ்குமார் வாயைத் திறந்தான். மூடினான். திருடினேன் என்றால் திருடன். தன் கதை என்றால் பஸ்ஸில் ஏற வேண்டும்.

பாயிஸா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி சொல்ற? எங்கப்பா வாங்கினாரே. மூட்ட எறக்கும்போது நான் அங்க நின்னுகினு இருந்தேன்டி!"

"அது வேற ஊர்ச் சாமை," என்றாள் தமிழ்ப்ரியா, பாயிஸாவைப் பார்க்காமல். "இவ எனக்கு சப்போர்ட்டா பேசறா சார். சீட்டு எனக்குக் கெடைக்கட்டும்னு. பில்லு அது இதுன்னு சும்மா சொல்றா."

"நான் சும்மா சொல்றேனா?"

"ஆமா."

மண்டபத்தில் யாரோ "ஊ" என்றான். இன்னொருவன் சிரித்தான். ஒத்திகையில் எல்லாம் கேட்டிருந்த இசைவாணி மிஸ், விருந்தாளியை மறுத்துப் பேச மனமில்லாமல், மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

விஜயராகவன் விடுகிறவர் இல்லை. "சரி, போய்க் கேட்டாத் தெரிஞ்சிடும். பஸ்ஸ எடுக்கச் சொல்லுங்க."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அறுநூறு பேரை வேலை வாங்குகிறவர் தன்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் தாங்க மாட்டார்.

"போலாம் சார். போய்க் கேளுங்க. இல்லாத கதைய ஒரு பையன் அளந்தான், நான் எழுந்து நின்னு கைதட்டினேன்னு அதையும் சேர்த்துச் சொல்லுங்க. எங்க ஊர்ல நல்லா சிரிப்பாங்க. இவங்க எல்லாம் போன்ல வீடியோ எடுப்பாங்க சார்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த போட்டோவ போட்டுட்டீங்களா? போட்டிருந்தா எடுத்துடுங்க சார். எங்க ஊர்ப் பசங்க குடகுல, திருப்பூர்ல எல்லாம் போன் வெச்சிருக்கானுங்க. தேக்கம்பாறைல டிராக்டரான்னு ஒருத்தன் கேட்டா போதும்."

சிரிப்பு இப்போது பின் வரிசையிலிருந்து வந்தது. அவளைப் பார்த்து அல்ல.

விஜயராகவன் கோட்டின் பொத்தானைப் போட்டார். போனை எடுத்தார். விரல் இரண்டு தடவை எதையோ அழுத்தியது. பிறகு மைக்கை எடுத்து இருபது நிமிடம் நேர்மையைப் பற்றிப் பேசினார். ஒரு திருடனும் ஒரு பொய்க்காரியும் ஒரு பொய்ச்சாட்சியும் ஒரே வகுப்பில் இருப்பது கல்லூரிக்கே அவமானம் என்றார். மூன்று பேர் பெயரையும் தனித்தனியாகச் சொன்னார். மூன்று பேருக்கும் எந்தக் கம்பெனிக்கும் சிபாரிசுக் கடிதம் தரக்கூடாது என்று மேடையிலிருந்தே மிஸ்ஸிடம் சொன்னார். மிஸ் எழுதிக்கொண்டார். ஓசூர் சீட் சித்தப்பாவின் நஷ்டத்தைச் சொன்னவனுக்குப் போயிற்று.

பஸ் எங்கும் போகவில்லை.

சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது தமிழ்ப்ரியாவுக்கு முன்னால் இரண்டு ஆள் இடம், பின்னால் இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது. பாயிஸா தட்டோடு நேராக வந்தாள்.

"என்ன பொய்க்காரி ஆக்கின, போனாப் போவுது. எங்கப்பாவ எதுக்குடி இழுத்த?"

"நீதான இழுத்த."

"ஒனக்காவத்தான் எழுந்தேன்."

"நான் எழுந்திரிக்கச் சொன்னனா?"

பாயிஸாவின் மூக்கு விடைத்தது. கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "அவன்கிட்ட ஏதாச்சும் வாங்கினியா? மெரட்டினானா? சொல்லித் தொலைடி. ஏன்?"

இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொன்னால் பாயிஸா இன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்வாள். ஜான் பாஷா கெட்டவர் இல்லை. அதுதான் பிரச்சினை. தேக்கம்பாறைக்காரர்கள் மண்டிக்கு மூட்டை கொண்டுவரும்போது, நல்ல மனுஷர் நல்ல எண்ணத்தோடு நாலு வார்த்தை நியாயம் கேட்பார்.

"காரணம்லாம் ஒண்ணும் இல்ல," என்றாள்.

"தூ," என்றாள் பாயிஸா. துப்பவில்லை, சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்குப் பஸ் புறப்பட்டது. தேக்கம்பாறை விலக்கில் தமிழ்ப்ரியா இறங்கிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் அவள் ஊருக்குப் போவது வழக்கம். இறங்கும்போது பாயிஸா அடுத்த பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விலக்கில் விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு பொன்னாயி உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை வருகிற எட்டுப் பேரில் ஒருத்தி. ஆடியில் கோயில் முன்னால் 'எழுந்திரு' என்று சொல்லக் கடைசிவரை ஒத்துக்கொள்ளாதவளும் அவள்தான். அந்த மழையில் அவள் வீட்டுக்குத்தான் ஜாஸ்தி நஷ்டம்.

பஸ் கிளம்பியதும் ராஜேஷ்குமார் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"பொய்க்காரீ!" என்று கத்தினான். "சாமைக்காரீ! போ, போய்க் கதை கட்டு!"

பஸ் வளைவில் மறைந்தது. பொன்னாயி எழுந்து நின்றாள்.

"எவன்டி அவன்?"

"கூடப் படிக்கிறவன் அத்த."

"சாமைக்காரின்றான். பொய்க்காரின்றான். இன்னா கதை?" பொன்னாயியின் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. "நீ அங்க ஏதாச்சும் பேசினியா?"

தமிழ்ப்ரியா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"டிபன் பாக்ஸ்ல சாமச் சோறு எடுத்துனு போறேன்ல அத்த. அதுக்குப் பட்டப்பேரு. இன்னைக்கு அவன் பேப்பரப் பாத்து எழுதினத மிஸ்கிட்ட நான் சொல்லிட்டேன். அவன் இல்லவே இல்லன்றான்."

பொன்னாயி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்தாள். "தூக்கி வுடு."

தமிழ்ப்ரியா விறகுக்கட்டைத் தூக்கி அவள் தலையில் வைத்தாள்.

"திங்கக்கெழம வெடியறதுக்குள்ள வந்துருவோம்," என்றாள் பொன்னாயி நடந்துகொண்டே. "ஒங்கம்மாள கூழ கெட்டியா காய்ச்சச் சொல்லு. போன தடவ மாதிரி தண்ணியா வெச்சா பாதியில எறங்கி வந்துருவேன்."

"சொல்றேன் அத்த."

பாதை ஏறியது. பொன்னாயி முன்னால், இவள் பின்னால். இன்று சொன்ன பொய்களில் டிபன் பாக்ஸ் பொய்தான் சுலபமாக வந்தது.